விண்ணப்பித்த நாளின் முகவரி: விலாண்டிஸ் எதிர் க்ளைன் வழக்கும் உள்மாநிலக் கட்டணமும்

கனெக்டிகட் மாநிலம் 1971-ல் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, ஒரு மாணவி எந்த மாநிலத்தவர் என்பதை அவர் குடியிருக்கும் வீடு தீர்மானிக்கவில்லை. வாக்காளர் பட்டியலும் ஓட்டுநர் உரிமமும்கூடத் தீர்மானிக்கவில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பித்தபோது அவருடைய முகவரி எங்கே இருந்தது என்பதே தீர்மானித்தது. அப்போது வெளிமாநில முகவரி என்றால், படித்து முடிக்கும்வரை அவர் வெளிமாநிலத்தவர்தான். இடையில் வீடு வாங்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம். கட்டண ரசீதில் மட்டும் எதுவும் மாறாது.

இரண்டு மாணவிகள் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்து, 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் சொந்த மாநிலத்தவரிடம் வாங்கும் குறைந்த கட்டணமான உள்மாநிலக் கட்டணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வழக்கு எடுத்துக்காட்டப்படுகிறது. பல நேரங்களில் தவறாக. ஒரு மாநிலத்தில் குடியேறிவிட்டால் அந்த மாநிலம் உள்மாநிலக் கட்டணம் தந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அது தந்தது, நிரூபிப்பதற்கான வாய்ப்பை மட்டுமே. குறைந்த கட்டணத்தைத் தரவில்லை. நிரூபிக்கும் பாரம் முழுவதும் மாணவர் தலையில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒருவர் மாணவராக இருப்பதே அந்த நிரூபணத்துக்கு எதிரான முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது இதில் உள்ள பெரிய முரண்.

இரண்டு கட்டணம் எதற்கு

அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்களை நடத்துபவை மாநிலங்கள். அங்கே படிப்புச் செலவில் ஒரு பகுதியை மாநிலத்தின் வரிப்பணம் ஏற்கிறது. வரி கட்டுபவரின் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து வருபவருக்கு வேறு கட்டணம் என்பது அதிலிருந்து பிறந்த ஏற்பாடு. ஹார்வர்ட், யேல் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தப் பாகுபாடு கிடையாது. அங்கே எல்லாருக்கும் ஒரே விலை.

வித்தியாசம் எவ்வளவு என்பதற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஒன்றே போதும். 2024-25 கல்வியாண்டில் அங்கு இளநிலைப் படிப்பில் சேர்ந்த வெளிமாநில மாணவர், எல்லாரும் கட்டும் கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 34,200 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,36,800 டாலர். அதே வகுப்பு, அதே பேராசிரியர், அதே பட்டம். ஒரு வகைப்பாட்டுக்காக இவ்வளவு பணம் கைமாறும்போது, அந்த வகைப்பாட்டை யார், எந்த ஆதாரத்தை வைத்து முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி வழக்கறிஞர்களிடம் போய் நிற்பதில் வியப்பில்லை.

கனெக்டிகட்டில் 1971 பணமுடை மிகுந்த ஆண்டு. அந்தக் கோடையில் மாநிலச் சட்டமன்றம் வருமான வரியை நிறைவேற்றியது. மக்களின் கோபத்தைப் பார்த்துச் சில வாரங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றும் கொண்டது. அதே ஆண்டு ஜூன் சிறப்புக் கூட்டத்தொடரில் வந்ததுதான் இந்தக் கட்டணச் சட்டம். உள்ளூர் வாக்காளரிடம் வாங்க முடியாத பணத்தை, ஓட்டு இல்லாத வெளியூர் மாணவரிடம் வாங்குவது எந்த அரசியல்வாதிக்கும் சுலபமான வழி. சட்டம் பிறந்த சூழலைப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சட்டத்தில் மூன்று கண்ணிகள் இருந்தன. திருமணமாகாத மாணவர், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஓராண்டில் எந்தப் பகுதியிலாவது வெளிமாநில முகவரி வைத்திருந்தால் வெளிமாநிலத்தவர். திருமணமாகி வாழ்க்கைத் துணையுடன் வசிப்பவர், விண்ணப்பிக்கும் நேரத்தில் வெளிமாநில முகவரி வைத்திருந்தால் வெளிமாநிலத்தவர். இந்த இரண்டையும் பூட்டிவைத்தது மூன்றாவது: விண்ணப்பத்தின்போது நிர்ணயிக்கப்பட்ட நிலைதான் படிப்புக் காலம் முழுவதற்கும் நிலை.

இரண்டு மாணவிகள்

க்ளைன் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவி. 1971 மே மாதத்தில், பிறந்தது முதல் கனெக்டிகட்டிலேயே வாழ்ந்த ஒருவருடன் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. திருமணத்துக்குப் பின் கனெக்டிகட்டில் வாழ்வது என்று இருவரும் முடிவு செய்ததால், கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குக் கலிபோர்னியாவிலிருந்தே அவர் விண்ணப்பித்தார். மே மாத இறுதியில் இடம் கிடைத்தது. உள்மாநில மாணவியாகவே கருதப்படுவார் என்று பல்கலைக்கழகமும் தெரிவித்தது. ஜூன் 26 அன்று கலிபோர்னியாவில் திருமணம். விரைவிலேயே தம்பதியர் கனெக்டிகட்டின் ஸ்டோர்ஸ் நகரில் நிரந்தரமாகக் குடியமர்ந்தார்கள். ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகம் முன்பு சொன்ன சொல் செல்லாததாயிற்று. க்ளைன் வெளிமாநிலத்தவர் ஆனார், படிப்பு முடியும்வரை.

கட்டபானோ திருமணமாகாத முதுநிலை மாணவி. 1971 ஜனவரியில் ஒஹையோ மாநிலத்திலிருந்து விண்ணப்பித்தார். பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது; ஆகஸ்டில் கனெக்டிகட்டுக்குக் குடிபெயர்ந்து முழுநேர மாணவியாகச் சேர்ந்தார்.

இருவரிடமும் கனெக்டிகட் ஓட்டுநர் உரிமம் இருந்தது. இருவருடைய கார்களும் அங்கேயே பதிவானவை. இருவரும் அங்கே பதிவு செய்த வாக்காளர்கள்.

முதல் பருவத்தில் உள்மாநில மாணவர்கள் கல்விக் கட்டணமே கட்டவில்லை. இவர்கள் 150 டாலர் கட்டணமும் 200 டாலர் வெளிமாநிலத்தவர் கட்டணமும் கட்டினார்கள். இரண்டாம் பருவத்தில் உள்மாநிலத்தவருக்கு 175 டாலர். இவர்களுக்கு 425 டாலர், அதற்கு மேல் இன்னொரு 200 டாலர். ஓராண்டில் ஆளுக்கு 800 டாலர் வித்தியாசம். இன்றைய தொகைகளுக்குப் பக்கத்தில் இது சில்லறையாகத் தெரியலாம். உள்ளூர் மாணவர் ஆண்டு முழுவதற்கும் 175 டாலர் கட்டிய இடத்தில் இவர்கள் 975 டாலர் கட்டினார்கள் என்று பார்த்தால்தான் சுமை புரியும்.

மூன்று நீதிபதிகள் கொண்ட மத்திய மாவட்ட நீதிமன்றம் ஒருமனதாக மாணவிகள் பக்கம் நின்றது. மாநிலம் மேல்முறையீடு செய்தது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவு இயக்குநர் விலாண்டிஸ் என்பதால் வழக்கின் தலைப்பில் அவர் பெயர் முன்னால் வந்தது. 1973 மார்ச் 20 அன்று வாதம். ஜூன் 11 அன்று தீர்ப்பு.

மாநிலம் சொன்னதும் நீதிமன்றம் கேட்டதும்

மாணவிகள் தரப்பின் சாமர்த்தியம் அவர்கள் எதைக் கேட்கவில்லை என்பதில் இருந்தது. வெளிமாநிலத்தவரிடம் கூடுதல் கட்டணம் வாங்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்பதை அவர்கள் எதிர்க்கவே இல்லை. "நாங்கள் வெளிமாநிலத்தவர் அல்லர், அதைக் காட்ட ஒரு வாய்ப்புத் தாருங்கள்" என்பது மட்டுமே கோரிக்கை. கட்டணப் பாகுபாட்டையே தகர்க்கப் புறப்பட்டிருந்தால் அன்றைய நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மாநிலம் மூன்று காரணம் சொன்னது. முதலாவது, பல்கலைக்கழகச் செலவை உள்ளூர் வரிதாரரும் வெளியாரும் சமமாகத் தாங்க வேண்டும். இரண்டாவது, நெடுநாள் வரி கட்டி வந்த பழைய குடிகளுக்குச் சலுகை தருவது நியாயம். மூன்றாவது, யார் உண்மையில் குடியேறியவர், யார் நடிக்கிறவர் என்று ஆள் ஆளாக ஆராய்வது கடினம். ஒரே நாளை அளவுகோலாக வைத்தால் எல்லாருக்கும் தெளிவு.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், முதல் காரணம் நியாயமானதே என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மாணவிகள் உண்மையில் உள்ளூர்வாசிகளாக இருந்தால், அந்தக் காரணமே அவர்களுக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது. இரண்டாவது காரணத்தைச் சட்டத்தின் வாசகமே கேலி செய்தது. பிறந்தது முதல் கனெக்டிகட்டில் வாழ்ந்து, சில காலம் வேறு மாநிலத்தில் முகவரி வைத்துக்கொண்டு அங்கிருந்து விண்ணப்பித்தவர் வெளிமாநிலத்தவர். விண்ணப்பிப்பதற்கு முதல் நாள் மாநிலத்துக்குள் நுழைந்த திருமணமானவரோ உள்மாநிலத்தவர். பழைய குடிகளைக் காக்கும் சட்டம் என்று இதை யாரும் சொல்ல முடியாது. மூன்றாவது காரணத்துக்கு நீதிமன்றம் தந்த பதில், நிர்வாக வசதியைவிட அரசியலமைப்பு மதிக்கும் பெரிய விஷயங்கள் உண்டு என்பது. மாணவரின் நிலையை வேறு வழியில் கண்டறிவது மாநிலத்துக்கு முடியாத காரியமும் அல்ல.

முடியாதது அல்ல என்பதற்குச் சான்று மாநிலத்திடமிருந்தே கிடைத்தது. கனெக்டிகட் அரசின் தலைமை வழக்கறிஞர் 1972 செப்டம்பரில் எழுதிய கருத்துரையில், ஒருவரின் நிரந்தர வசிப்பிடத்தைக் கண்டறிய எவற்றையெல்லாம் பார்க்கலாம் என்று வரிசைப்படுத்தியிருந்தார்: ஆண்டு முழுவதும் வசிப்பது, வாக்காளர் பதிவு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் இடம், சொத்து, ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, திருமண நிலை, விடுமுறையில் வேலை பார்க்கும் இடம். மாநிலத்தின் சொந்த வழக்கறிஞரே இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்திருக்கும்போது, ஆராயவே முடியாது என்று மாநிலம் சொல்வது எப்படி எடுபடும்?

பொய்யாக இருக்கக்கூடிய ஓர் அனுமானத்தை மறுக்கவே இடம் தராமல் நிரந்தரமாக்குவது, அமெரிக்க அரசியலமைப்பின் 14-வது திருத்தம் உறுதியளிக்கும் உரிய சட்ட நடைமுறைக்கு எதிரானது என்று ஐந்து நீதிபதிகள் முடிவுக்கு வந்தார்கள். ஆறாவதாகப் பைரன் ஒயிட் முடிவை ஏற்று, காரணத்தை மட்டும் மாற்றினார். அவருக்கு இது சமப் பாதுகாப்புப் பிரச்சினை, அதாவது சட்டம் எல்லாரையும் சமமாக நடத்துகிறதா என்ற கேள்வி. தலைமை நீதிபதி வாரன் பர்கர், வில்லியம் ரெங்க்விஸ்ட், வில்லியம் டக்ளஸ் ஆகிய மூவர் எதிர்த்தார்கள். தாராளவாதிகளின் முன்னணி நீதிபதியான டக்ளஸ், பழைமைவாதியான ரெங்க்விஸ்டின் மறுப்புத் தீர்ப்பில் சேர்ந்துகொண்டது பலருக்குப் புதிராக இருக்கலாம். மாநிலச் சட்டமன்றத்தின் பொருளாதார முடிவுகளை "உரிய நடைமுறை" என்ற பெயரில் நீதிபதிகள் தட்டிவிடுவதை 1930-களிலிருந்தே பார்த்தவர் அவர். அந்தப் பழைய பழக்கம் திரும்பி வருகிறதோ என்ற அச்சம்தான் மறுப்புத் தீர்ப்பின் அடிநாதம்.

அந்த அச்சத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். சட்டம் என்றாலே கோடு போடுவதுதான். 18 வயதுக்கு ஒரு நாள் குறைந்தவர், முதிர்ச்சி உண்டு என்று நிரூபித்தாலும் வாக்களிக்க முடியாது. மறுக்க இடம் தராத ஒவ்வொரு கோடும் செல்லாது என்றால் எந்தச் சட்டமும் மிஞ்சாது. உச்ச நீதிமன்றமே இதை விரைவில் உணர்ந்தது. 1974-ல் கர்ப்பிணி ஆசிரியைகளைக் கட்டாய விடுப்பில் அனுப்பும் விதிகளை இதே வாதத்தால் தள்ளுபடி செய்த நீதிமன்றம், 1975-ல் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை வழக்கொன்றில் அந்த வாதத்தை நீட்டிக்க மறுத்தது. அதன் பிறகு கோட்பாடு மெலிந்தது. கல்விக் கட்டணம் என்ற சிறு வட்டத்துக்குள் மட்டும் க்ளைன் தீர்ப்பு நின்றுவிட்டது.

ஓராண்டு என்ற முடிச்சு

தீர்ப்பின் மிகப் பெரிய விளைவு, அதில் போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு பகுதியிலிருந்து வந்தது. படிப்புக்காக மட்டும் வந்து, குடியேறியதாகக் காட்டி, குறைந்த கட்டணத்தைப் பெற முயல்பவர்களைத் தடுக்க மாநிலங்களுக்கு முழு உரிமை உண்டு என்றார் ஸ்டூவர்ட். நியாயமான காலம் வசித்திருக்க வேண்டும் என்று கேட்பதும் தவறில்லை. அதற்கு அவர் காட்டிய முன்னுதாரணம் மின்னசோட்டாவின் ஸ்டார்ன்ஸ் எதிர் மால்கர்சன் வழக்கு. உள்மாநிலக் கட்டணம் பெற ஓராண்டு வசித்திருக்க வேண்டும் என்ற அங்குள்ள பல்கலைக்கழக விதியை மாவட்ட நீதிமன்றம் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் 1971-ல் விளக்கம் எழுதாமலே அதை உறுதி செய்திருந்தது.

இங்கேதான் முடிச்சு. மின்னசோட்டா விதியிலும் அந்த முதல் ஓராண்டுக்குள் எந்த ஆதாரமும் செல்லாது. வீட்டுப் பத்திரத்தைக் காட்டினாலும் வரி ரசீதைக் காட்டினாலும் ஓராண்டு முடியவேண்டும். அதுவும் மறுக்க இடம் தராத அனுமானம்தானே? நான்காண்டு பூட்டு செல்லாது, ஓராண்டு பூட்டு செல்லும் என்றால் இரண்டுக்கும் இடையே கோடு எங்கே? நீதிபதி தர்குட் மார்ஷல் தனிக் குறிப்பு எழுதி இந்த ஐயத்தைப் பதிவு செய்தார். ஏழைகளுக்கான அரசு உதவித்தொகைக்கு ஓராண்டு காத்திருப்பு கூடாது என்று 1969-லும், வாக்குரிமைக்கு அவ்வளவு நீண்ட காத்திருப்பு கூடாது என்று 1972-லும் சொன்ன அதே நீதிமன்றம், கல்விக் கட்டணத்துக்கு மட்டும் அதை அனுமதிப்பது பொருந்துமா என்பது அவர் கவலை.

பொருந்தாது என்று வாதாடியவர்களுக்கு 1999-ல் ஒரு பதில் கிடைத்தது. புதிதாக வந்தவர்களுக்குக் குறைந்த உதவித்தொகை தரும் கலிபோர்னியா சட்டத்தைத் தள்ளுபடி செய்த தீர்ப்பில் நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைச் சுட்டியது. உதவித்தொகையை அங்கேயே வாங்கி அங்கேயே செலவிட்டுவிடுகிறார்கள். விவாகரத்தும் கல்லூரிப் பட்டமும் அப்படியல்ல. பெற்றுக்கொண்டு சொந்த மாநிலத்துக்கு எடுத்துச் சென்றுவிடலாம். ஆதரவாக அங்கே காட்டப்பட்ட வழக்குகளில் விலாண்டிஸ் எதிர் க்ளைனும் ஒன்று. மாணவிகள் வென்ற வழக்கு, 26 ஆண்டுகள் கழித்து மாநிலங்களின் காத்திருப்பு விதிக்குத் துணைநின்றது.

மாநிலங்கள் என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நிரந்தரப் பூட்டைக் கழற்றிவிட்டு, ஓராண்டுக் காத்திருப்பையும், திறக்கக்கூடிய ஆனால் திறக்கக் கடினமான இன்னொரு பூட்டையும் மாட்டினார்கள்: "படிக்க வந்தவர் படிக்கத்தான் வந்தார், இல்லை என்றால் அவரே நிரூபிக்கட்டும்." சட்டப்படி இதற்கு மறுக்க இடம் உண்டு. ஆகவே க்ளைன் தீர்ப்பை இது மீறவில்லை.

அலுவலகத்தில் நடப்பது

இன்று ஒரு மாணவர் உள்மாநிலத் தகுதி கேட்டு விண்ணப்பித்தால், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும், ஏறத்தாழ மூன்று கேள்விகளைச் சந்திக்கிறார். பருவம் தொடங்குவதற்கு முன் ஓராண்டு உடலளவில் அங்கே இருந்தாரா? தொடர்ந்து அங்கேயே வாழும் எண்ணம் இருந்ததா? யாருடைய பணத்தில் வாழ்கிறார்?

முதல் கேள்வி எளிது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 366 நாள் என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

இரண்டாவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். எண்ணத்தை நேரடியாகப் பார்க்க முடியாது. அதனால் தாள்களைப் பார்க்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்தை மாற்றினாரா, எந்தத் தேதியில்? வருமான வரிக் கணக்கை எந்த மாநிலத்தில் காட்டினார்? கார் இன்னும் அப்பா ஊர்ப் பதிவெண்ணில் ஓடுகிறதா? கோடை விடுமுறை முழுவதும் பெற்றோர் வீட்டில் கழிந்ததா? பழைய மாநிலத்தின் கயிறுகளை அறுத்ததற்கான தேதிகளும் புதிய மாநிலத்தில் கட்டியதற்கான தேதிகளும் ஓராண்டுக்கு முன்பே இருக்க வேண்டும். செப்டம்பரில் வந்து சேர்ந்து, அடுத்த ஜூலையில் உரிமம் மாற்றியவரைப் பார்த்து, ஓராண்டுக் கணக்கு ஜூலையில்தான் தொடங்குகிறது என்று அலுவலர் சொன்னால், அதை எதிர்த்து வெல்வது கடினம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இப்படித்தான் திரும்பி வருகிறார்கள். விடுதியை விட்டு வெளியே வந்த எந்த மாணவரிடமும் வாடகை ஒப்பந்தம் இருக்கும்.

மூன்றாவது கேள்வி வர்க்கம் சார்ந்தது. பெற்றோர் வேறு மாநிலத்தில் இருந்து பணம் அனுப்பினால், மாணவரின் வசிப்பிடம் பெற்றோரின் வசிப்பிடமே என்ற அனுமானம் பல இடங்களில் உண்டு. கலிபோர்னியாவில், பெற்றோர் அந்த மாநிலத்தவராக இல்லாத, 24 வயதுக்குட்பட்ட இளநிலை மாணவர் தன் காலில் தானே நிற்பதைக் காட்ட வேண்டும். திருமணமானவர், முன்னாள் படைவீரர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. வெளிமாநிலக் கட்டணத்தைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டி, வாடகையும் கொடுத்து, முழுநேரமும் படித்து, யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்த 19 வயதுக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்? விதி நிறைவேற்ற முடியாதது அல்ல. நிறைவேற்றக்கூடியவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

க்ளைனை இன்றைய அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். உள்ளூர்க் கணவர், நிரந்தர வீடு, கல்லூரி அல்லாத ஒரு காரணத்துக்காக வந்தவர். ஓராண்டு காத்திருந்தால் வென்றிருப்பார் என்றே தோன்றுகிறது. கட்டபானோவைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அனுமதி கிடைத்த பிறகு, பருவம் தொடங்கும் ஆகஸ்டில், படிக்க வந்தவர். உரிமமும் கார் பதிவும் வாக்காளர் அட்டையும் இருந்தாலும், "படிப்பைத் தவிர இங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? இருவரும் ஒரே தீர்ப்பில் வென்றார்கள் என்பதாலேயே இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடுகிறது. நீதிமன்றம் அவர்களுடைய ஆதாரங்களை எடைபோட்டு ஒரு பொது அளவுகோல் வகுக்கவில்லை. எடைபோட மறுத்த சட்டத்தைத்தான் தள்ளுபடி செய்தது.

வாக்குரிமையோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாட்டின் கோணல் இன்னும் தெரியும். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய, அரசியலமைப்பின் 26-வது திருத்தம் 1971 ஜூலை 1 அன்று உறுதியானது. கனெக்டிகட் கட்டணச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாதம். டெக்சாஸ் மாநிலத்தின் வாலர் மாவட்டத்தில், கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாகப் படிக்கும் பிரெய்ரி வியூ கல்லூரியின் மாணவர்களை "நீங்கள் உள்ளூர்வாசிகள்தானா" என்று கேள்வித்தாள் வைத்துத் துளைத்து வாக்காளர் பதிவை மறுத்து வந்தார் அங்கிருந்த அதிகாரி. அது செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1979-ல் உறுதி செய்தது. ஆகவே கல்லூரி ஊரில் வாக்களிக்க மாணவர் உள்ளூர்வாசி. கல்லூரிக் கட்டணம் கட்டும்போது வெளியூர்வாசி. பட்டம் கையோடு போய்விடும், ஓட்டு அங்கேயே விழுந்துவிடும் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். மாநிலத்தின் பணப்பையைத் தொடும் இடத்தில் மட்டும் விதி இறுகுகிறது என்பது என் வாசிப்பு.

இந்தப் போராட்டத்தில் இறங்காமலே தப்பும் வழிகளும் உண்டு. மேற்கு மாநிலங்களின் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள், அந்தத் திட்டத்தின்கீழ் எடுக்கும் பிற மாநில மாணவர்களிடம் உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. நியூ இங்கிலாந்து மாநிலங்களும் 1950-களிலிருந்தே தங்களுக்குள் இப்படி ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன.

விசா நடுவில் வரும்போது

க்ளைனும் கட்டபானோவும் அமெரிக்கக் குடிமக்கள். குடிமக்கள் அல்லாதவரின் கதையைத் தீர்மானித்தது மேரிலாண்ட் பல்கலைக்கழக வழக்கு. உலக வங்கி போன்ற சர்வதேச நிறுவனங்களின் ஊழியர்களுக்கான ஜி-4 விசாவில், பெற்றோருடன் ஆண்டுக்கணக்காக அங்கேயே வாழ்ந்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் உள்மாநிலக் கட்டணத்தை மறுத்தது. மாணவர்கள் முதலில் க்ளைன் தீர்ப்பைத்தான் கையில் எடுத்தார்கள். கீழ் நீதிமன்றங்களில் அது பலித்தது. உச்ச நீதிமன்றம் 1978-ல் அந்தப் பாதையைத் தவிர்த்து, ஜி-4 விசாக்காரர் மேரிலாண்டை நிரந்தர வசிப்பிடமாக்க முடியுமா என்று மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்தையே கேட்டது. முடியும் என்று பதில் வந்தது. அதற்குள் பல்கலைக்கழகம், வசிப்பிடம் இருந்தாலும் தரமாட்டோம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. கடைசியில் 1982-ல், யாரை எந்த நிபந்தனையில் நாட்டுக்குள் விடுவது என்பது மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் அதற்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்ற காரணத்தில் மாணவர்கள் வென்றார்கள்.

தமிழ்க் குடும்பங்களைத் தொடும் வேறுபாடு இந்த வழக்கில்தான் துலங்கியது. ஜி-4 விசாவுக்கான சட்டத்தில், தாய்நாட்டு வசிப்பிடத்தைக் கைவிடமாட்டேன் என்ற நிபந்தனை இல்லை. மாணவர் விசாவான எஃப்-1-க்கு அந்த நிபந்தனை உண்டு. சென்னையில் அண்ணா மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் சன்னலில், படித்து முடித்ததும் ஊர் திரும்புவேன் என்று சொல்லி விசா வாங்கியவர், அமெரிக்கப் பல்கலைக்கழக அலுவலகத்தில் "இனி இதுதான் என் நிரந்தர ஊர்" என்று சொல்ல முடியாது. எத்தனை ஆண்டு வசித்தாலும், எத்தனை ரசீது சேர்த்தாலும் பொதுவாக இதுவே நிலை. முதுநிலை, ஆய்வு மாணவர்கள் பலர் குறைந்த கட்டணத்தில் படிப்பது, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் வேலையோடு சேர்ந்து வரும் கட்டண விலக்கினால். உள்ளூர்வாசி ஆனதால் அல்ல.

வேலைக்கான எச்-1பி விசாவுக்கும் ஒரு காலத்தில் தாய்நாட்டு நிபந்தனை இருந்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. அதனால் எச்-1பி ஊழியரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள், கலிபோர்னியா உள்படப் பல மாநிலங்களில் பெற்றோரின் வசிப்பிடத்தைக் காட்டி உள்மாநிலக் கட்டணம் பெற முடிகிறது. ஆனால் 21 வயதில் எச்-4 முடிந்துவிடுகிறது. நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு அட்டைக்கான இந்தியர்களின் வரிசை மிக நீளமானது என்பதால், அதற்குள் அட்டை வராத பிள்ளைகள் எஃப்-1-க்கு மாறிப் படிப்பைத் தொடர்கிறார்கள். அதே வீடு, அதே பெற்றோர், அதே வரி. சட்டத்தின் கண்ணில் மட்டும் அங்கேயே வாழும் எண்ணம் வைத்திருக்க உரிமை போய்விடுகிறது. கலிபோர்னியா 2001-ல் வசிப்பிடத்தை விட்டு, மாநிலப் பள்ளியில் படித்த ஆண்டுகளை அளவுகோலாக்கி ஒரு கட்டண விலக்குச் சட்டம் இயற்றியது. ஆவணமற்ற மாணவர்களுக்கு அது கதவைத் திறந்தது. எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாக்காரர்களை அந்தச் சட்டத்தின் வாசகமே வெளியே நிறுத்தியது.

விசா மாறினால் முன்பே பெற்ற உள்மாநிலத் தகுதி தொடருமா, மறுபடி ஆராயப்படுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது. 21-வது பிறந்தநாள் படிப்பின் நடுவில் வரும் மாணவர், விசா மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகத்தின் வசிப்பிடத் தகுதி அலுவலகத்துக்கு எழுதி அனுப்பி, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிலைப் பார்த்த பிறகே, மீதிப் பருவங்களுக்கு எந்தக் கட்டணத்தை வைத்துப் பணம் திரட்டுவது என்று குடும்பம் கணக்குப் போட முடியும்.